ஹாண்டில் கோன் செட்டும் சீ ஸ்பானரும்: உளி, சுத்தியல் இல்லாமல் இறுக்கும் முறை

முன் பிரேக்கை மெல்லப் பிடித்தால் ஹாண்டிலுக்குக் கீழே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அல்லது நேரே போகும்போது ஹாண்டில் நடுவில் வந்து எதிலோ இறங்கினது போல நிற்கிறது, சின்ன வளைவுக்குக் கூட உந்தித் திருப்ப வேண்டியிருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் மோட்டார் சைக்கிளின் கோன் செட்டை, அதாவது ஹாண்டில் தண்டு சட்டத்தில் சுழல மேலும் கீழும் வைத்த கிண்ணம், கோன், குண்டுகளைப் பார்க்க வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது, மேல் டீ என்கிற, ஃபோர்க் குழாய்கள் இரண்டையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் பாகத்துக்குக் கீழே, ஓரத்தில் காடி வெட்டிய ஒரு வட்ட நட். சாதாரண ஸ்பானர் அதில் பிடிக்காது. ஆங்கில C போல வளைந்து நுனியில் கொக்கி உள்ள சீ ஸ்பானர்தான் வேண்டும்.

உளியைக் காடியில் வைத்துச் சுத்தியலால் தட்டுகிற வழக்கம் இன்னும் பல கராஜ்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று தரம் தட்டினாலே காடியின் மூலை மடங்கிவிடும். அடுத்த முறை எந்த ஸ்பானரும் அதில் நிற்காது. தட்டும்போது தெறிக்கிற இரும்புத் துரும்பு நேரே மேல் குண்டுகளுக்குள் விழுகிறது. எல்லாவற்றையும் விட, தட்டி இறுக்கினால் எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியவே தெரியாது. இந்த நட்டில் முழு வேலையும் அந்த அளவில்தான் இருக்கிறது.

கோன் செட்தானா என்று உறுதிப்படுத்துங்கள்

டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து, முன் சில்லை நிலத்திலிருந்து தூக்குங்கள். முன்னால் குந்தி, ஃபோர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். அதே நேரம் இன்னொருவர் கீழ் டீயும் சட்டமும் சேரும் இடுக்கில் விரலை வைத்திருக்கட்டும். அந்த விரலுக்கு அசைவு தெரிந்தால் கோன் செட். விரலுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஃபோர்க் புஷ் அல்லது சில்லு பெயரிங். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் கலிப்பர் பின் தேய்ந்தாலும் இதே ‘டொக்’ வரும். கோன் செட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்தச் சத்தம் போகாது.

அடுத்து, ஹாண்டிலை இரண்டு விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஆட்டம் இருந்தும் சுற்று வழுக்கலாக இருந்தால் இறுக்கினால் போதும். நடுவில் நிற்கிறது என்றால் கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது. இறுக்கினால் இன்னும் மோசமாகும். கோன் செட்டை மாற்றத்தான் வேண்டும்.

குழி எப்போதும் நடுவிலேயே விழுவதற்குக் காரணம் உண்டு. வண்டி பெரும்பாலும் நேரேதான் ஓடுகிறது. குண்டுகள் ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் வாங்குகின்றன. அந்த இடத்தில் கிறீஸ் ஒதுங்கிவிட, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கின்றன. திருகோணமலையில் இது விரைவாக நடக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நுண்மணல் கீழ் இடுக்கில் ஏறும். மார்கழி மழையில் உப்பும் ஈரமும் சேர்ந்து துருவைக் கிளப்பும். சேர்விஸ் நிலையத்தில் கழுவக் கொடுத்தால், அழுத்தத் தண்ணீரை ஹாண்டில் கழுத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல கோன் செட்டுகளின் ஆயுள் அந்தத் தண்ணீரில்தான் முடிகிறது.

எந்த ஸ்பானரை வாங்குவது

கடைக்குப் போகும் முன் வட்ட நட்டின் வெளி விட்டத்தை வேர்னியரால் அளந்துகொள்ளுங்கள். சீ ஸ்பானரில் அளவு 34-36, 40-42, 45-50, 52-55 என்று மில்லிமீற்றரில் அடித்திருக்கும். உங்கள் நட் 41 என்றால் 40-42தான் சரி. 45-50ஐ எடுத்தால் கொக்கி காடியில் இறங்கும், ஆனால் உள்வளைவு நட்டின் முதுகில் படியாது. பாரம் முழுவதும் கொக்கி முனைக்குப் போய் வழுக்கும்.

நடுவில் மூட்டு வைத்த, பல அளவுக்கும் பொருந்தும் என்று விற்கிறதை விட, ஒரே துண்டாக அடித்துச் செய்த ஸ்பானர் எவ்வளவோ மேல். மூட்டில் உள்ள தளர்வு கைக்கு வரும். நட் திரும்புகிறதா மூட்டு திரும்புகிறதா என்று தெரியாது. பின் ஷொக்கை மாற்றியமைக்க வண்டியோடு வரும் மெல்லிய தகட்டுச் சாவி இந்த வேலைக்கு உதவாது, விரிந்துவிடும்.

தடிப்பையும் பாருங்கள். மேல் டீ மாட்டியபடியே நட்டைக் கொஞ்சம் திருப்ப வேண்டி வரும் (ஏன் என்று கீழே வருகிறது). டீக்கும் நட்டுக்கும் பக்கத்தில் உள்ள இடைவெளிக்குள் ஸ்பானர் நுழைய வேண்டும். கைப்பிடி நுனியில் துளை உள்ளதை எடுங்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

நான்கு பல் வைத்த சொக்கட்டும் கிடைக்கும். நட்டின் அளவுக்குக் குழாய் வெட்டி, கிரைண்டராலும் அரத்தாலும் பல் எடுத்து, மேலே பழைய சொக்கட் ஒன்றை வெல்ட் பண்ணியும் செய்யலாம். நான்கு காடியிலும் ஒரே நேரம் பிடிப்பதால் துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேல் டீ இருக்கும்போது சொக்கட் இறங்காது. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் சீ ஸ்பானரை வாங்குங்கள்.

இறுக்குதல்

1. பெற்றோல் டாங்கில் தடித்த துணி போடுங்கள், அல்லது டாங்கையே கழற்றி வையுங்கள். ஸ்பானர் ஒரு முறை வழுக்கினால் பெயின்ற் போய்விடும்.

2. நடுவில் உள்ள பெரிய மேல் நட்டைத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம்.

3. மேல் டீ ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை இரண்டு பக்கமும் தளர்த்துங்கள். கீழ் டீயின் போல்ட்டுகளைத் தொடாதீர்கள், ஃபோர்க் இறங்கிவிடும். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேல் டீ குழாய்களை இறுகப் பிடித்திருந்தால் அது கீழே இறங்க முடியாது. வட்ட நட்டில் நீங்கள் கொடுக்கும் இறுக்கம் குண்டுகளுக்குப் போகாமல் குழாயில் நின்றுவிடும். சரியாக இறுகியது போலத் தோன்றும், இரண்டு நாளில் ‘டொக்’ திரும்ப வரும்.

4. காடியில் உள்ள மண்ணைக் கம்பியால் சுரண்டி எடுங்கள். கொக்கி அடிவரை இறங்க வேண்டும். இறுக்கும்போது கொக்கி ஒரு திசை, கழற்றும்போது ஸ்பானரைப் புரட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு கையின் பெருவிரலால் கொக்கியின் முதுகை நட்டோடு அழுத்திக்கொண்டு மறு கையால் இழுங்கள். இப்படிப் பிடித்தால் வழுக்காது.

5. ஆட்டம் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு தரத்துக்கு ஒரு காடி அகலத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம். ஒவ்வொரு தரமும் ஹாண்டிலை முனைக்கு முனை நாலைந்து முறை திருப்பி, குண்டுகளை இருக்கையில் அமர விடுங்கள்.

6. ஆட்டம் நின்ற அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிறகு பெரிய மேல் நட்டை இறுக்குங்கள்.

வேலை பிழைப்பது இந்த ஆறாவது படியில்தான். வட்ட நட்டுக்கும் தண்டின் புரிக்கும் இடையில் எப்போதும் ஒரு மயிரிழை தளர்வு இருக்கும். பெரிய நட்டை இறுக்கும்போது மேல் டீ வட்ட நட்டைக் கீழே அமுக்கி அந்தத் தளர்வை எடுத்துவிடுகிறது. உங்கள் கை வட்ட நட்டைத் தொடாமலே கோன் செட் இன்னும் இறுகுகிறது. ஐந்தாவது படியில் அருமையாகச் சுற்றிய ஹாண்டில், பெரிய நட் இறுகியதும் கட்டியாகிவிடும். கட்டியான ஹாண்டில் தளர்ந்த ஹாண்டிலை விட ஆபத்து. மெதுவாகப் போகும்போது வண்டி தானாக நேராகாது, சாரைப்பாம்பு போல வளைந்து வளைந்து போகும்.

ஆகவே பெரிய நட்டை இறுக்கிய பிறகு உள்ள நிலைதான் கணக்கு. கட்டியாக இருந்தால் பெரிய நட்டைத் தளர்த்தி, வட்ட நட்டைச் சிறிது பின்னுக்கு எடுத்து, மீண்டும் பெரிய நட்டை இறுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிப் போய்வர வேண்டியிருக்கும். மேல் டீயைக் கழற்றாமல் இதைச் செய்யத்தான் மெல்லிய ஸ்பானர் வேண்டும் என்றது.

சரியான நிலை இதுதான்: சில்லு தூக்கியிருக்க, ஹாண்டிலை நடுவிலிருந்து விரலால் லேசாகத் தட்டினால் அது தன் பாரத்திலேயே ஒரு பக்கம் போய் முட்ட வேண்டும். மறு பக்கமும் அப்படியே. கேபிளோ வயரோ இழுத்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், அவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பிறகு ஃபோர்க்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், விரலுக்கு அசைவு தெரியக்கூடாது. இரண்டும் சரியென்றால் மேல் டீயின் பக்கப் போல்ட்டுகளை இறுக்கி மூடலாம்.

மீன் தராசால் அளக்கலாம்

டோர்க் ரென்ச் விலை அதிகம், இருந்தாலும் சீ ஸ்பானரில் பொருத்தக் கஷ்டம். மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று, 10 கிலோ வரை காட்டுவது, போதும். ஸ்பானரின் நுனித் துளையில் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுங்கள். தண்டின் நடுவிலிருந்து துளை வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்பானரின் கொக்கி முனையிலிருந்து அளந்தால் கணக்குப் பிழைக்கும். அந்தத் தூரம் 20 சென்ரிமீற்றர், தராசு காட்டுவது 10 கிலோ என்றால் 2 கிலோ-மீற்றர், அதாவது ஏறக்குறைய 20 நியூட்டன் மீற்றர். அதே தூரத்தில் 1.5 கிலோ என்றால் 3 நியூட்டன் மீற்றர்.

புதுக் கோன் செட்டை முதலில் நன்றாக இறுக்கிக் குண்டுகளை அமர வைத்து, முழுதாகத் தளர்த்தி, பிறகு லேசாக இறுக்கும்படி பல சேர்விஸ் புத்தகங்கள் சொல்லும். எவ்வளவு என்பது மொடலுக்கு மொடல் மாறும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ளதையே எடுங்கள். கவனிக்க வேண்டியது, கடைசி இறுக்கம் முதல் இறுக்கத்தில் ஒரு சிறு பங்குதான்.

மாற்ற வேண்டி வந்தால்

முன் சில்லு, மட்காட், ஹாண்டில், மேல் டீ எல்லாம் கழன்ற பிறகுதான் வட்ட நட்டைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது ஒருவர் கீழ் டீயைத் தாங்கிப் பிடிக்கட்டும். கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். கிறீஸ் காய்ந்த குண்டுகள் பிடியில்லாமல் உதிர்ந்து ஓடும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணி வேறு வேறாக வையுங்கள், சில வண்டியில் மேல் குண்டும் கீழ் குண்டும் ஒரே அளவாக இருக்காது.

குண்டை மட்டும் மாற்றிப் பழைய கிண்ணத்தைவிடுவது காசைக் கடலில் போடுவது. குழி விழுந்த கிண்ணத்தில் புதுக் குண்டும் அதே குழியில்தான் போய் நிற்கும். செட்டாகவே மாற்றுங்கள்.

சட்டத்தில் உள்ள கிண்ணங்களை உள்ளிருந்து நீளக் கம்பியால், பக்கம் மாற்றி மாற்றித் தட்டிக் கழற்றலாம். புதியதை ஏற்றும்போது சுத்தியல் வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் முழு நீளம் புரி வெட்டிய கம்பி கிடைக்கும். அதில் இரண்டு பெரிய தடித்த வாஷர், இரண்டு நட் போட்டு மேலும் கீழும் சேர்த்து இறுக்கினால் கிண்ணங்கள் நேராக ஏறும். குண்டு ஓடும் பாதையில் வாஷர் படாமல், விளிம்பில் படும்படி பாருங்கள். கீழ் கோனைத் தண்டில் ஏற்றும் முன் அடியில் தூசி வாஷரைப் போட்டுக்கொள்ளுங்கள். மறந்தால் ஏற்றிய கோனைத் திரும்பக் கழற்ற வேண்டும்.

கிறீஸ் விஷயத்தில் நம் ஊருக்கு வசதி அதிகம். படகு எஞ்சினுக்குப் போடும் மரைன் கிறீஸை வாங்குங்கள், உப்புத் தண்ணீரைத் தாங்கச் செய்தது அது. பழைய கிறீஸை மண்ணெண்ணெயால் முழுதாகக் கழுவித் துடைத்த பிறகே போட வேண்டும். இரண்டு வகை கலந்தால் இளகி வடிந்துவிடும் ஆபத்து உண்டு. குண்டுகளைக் கிறீஸில் ஒட்ட வைத்து வட்டம் நிரப்புங்கள். ஒன்றோடொன்று நெருக்கி இறுகக்கூடாது. கடைசியில் ஒரு குண்டுக்குக் குறைவான இடைவெளி மிஞ்சினால் சரி.

பின்னர் சேர்த்தவை

இரண்டு வட்ட நட், நடுவில் காது மடித்த வாஷர் உள்ள வண்டிகளும் உண்டு. கீழ் நட்தான் இறுக்கத்தைத் தீர்மானிப்பது. மேல் நட்டைக் கையால் முட்டும்வரை திருகி, வாஷரின் காது காடிக்கு நேரே வரும் வரைதான் மேற்கொண்டு திருப்ப வேண்டும். கால் சுற்றுக்குள் நேராகவில்லை என்றால் மேல் நட்டைக் கழற்றி, புரட்டிப் போட்டுப் பாருங்கள். ஒரு தரம் மடித்த காதைத் திரும்பவும் நிமிர்த்தி மடிக்காதீர்கள், புது வாஷர் போடுங்கள்.

ஸ்கூட்டர்களில் மேல் டீ கிடையாது. முன் பிளாஸ்டிக் உறையும் ஹாண்டிலும் கழன்ற பிறகுதான் நட் தெரியும். அங்கே நீளச் சீ ஸ்பானர் சுற்ற இடமில்லை, பல் சொக்கட்தான் வசதி.

புதுக் கோன் செட் போட்டால் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்பவும் பாருங்கள். கிண்ணங்கள் இன்னும் கொஞ்சம் அமர்ந்து சிறு ஆட்டம் வந்திருக்கும். உவர்மலை இறக்கத்தில் மெதுவாக இறங்கி முன் பிரேக்கைத் தொட்டால் தெரிந்துவிடும். பெரிய நட்டையும் மேல் டீப் போல்ட்டுகளையும் தளர்த்தி, வட்ட நட்டைக் கால் காடி அளவு நகர்த்தினாலே போதுமானது.