தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று தேடுவது, அதை 900-ஆல் வகுப்பது, வந்த விடையைப் பயண நேரம் என்று நம்பிவிடுவது. பலரும் செய்கிற தவறு இது. ஜெட் விமானம் உயரே போனதும் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்பது உண்மைதான். ஆனால் லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ.; வகுத்தால் 6 மணி 10 நிமிடம். டிக்கெட்டிலோ நியூயார்க் போக ஏறத்தாழ 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்று இருக்கும். இரண்டுமே கணக்கோடு ஒத்துப்போகவில்லை, பாருங்கள்.

கொஞ்ச நேரம் தரையிலேயே போய்விடுகிறது. அட்டவணை நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். சரி, போகும்போது மட்டும் ஏன் ஒரு மணி நேரம் கூடுகிறது? மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம்தான் காரணம். 2020 பிப்ரவரியில், புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது. ஆகவே போகும் நேரத்தையே திரும்பும் பயணத்துக்கும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதும் ஏமாற்றும். டோக்கியோவிலிருந்து நியூயார்க் போக பசிபிக் கடலை நேராகக் கடப்பதுதான் குறுக்குவழி என்று தோன்றும். பூமி உருண்டை, ஓர் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அலாஸ்கா வழியாக அல்லவா போகிறது! இணையம் காட்டும் தூரமும் இந்த நூல் பிடித்த தூரமே. விமானம் அதை விட்டு விலகிப் பறக்கும் சந்தர்ப்பங்கள் ஏராளம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணிச் சொச்சத்தில் போன விமானங்கள் சுமார் 13 மணி நேரம் எடுத்தன. ஊர்களுக்கு இடையே இருந்த தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். சாதாரண மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் பேசுவது கடல் மைல். 5,000 மைல் தூரத்தில் இந்தக் குழப்பம் 1,200 கி.மீ. வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

அப்புறம் கடிகாரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவீர்கள். கழித்துப் பார்த்தால் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த கணக்கு! இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரமான யூடிசிக்கு (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள். மார்ச்சில் கூடுதல் கவனம் வேண்டும்: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறன்றும் ஐரோப்பா கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட நாட்களில் வழக்கமான நேர வித்தியாசம் ஒரு மணி நேரம் மாறியிருக்கும்.

'டைரக்ட்' என்ற சொல்லையும் முழுதாக நம்ப வேண்டாம். விமான எண் மாறாது, ஆனால் நடுவே ஓரிடத்தில் இறங்கி ஏறலாம். எங்கும் நிற்காமல் போக வேண்டுமென்றால் 'நான்-ஸ்டாப்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.