ஊட்டிக்கு வந்தால் குன்னூர் ரயிலைப் பிடியுங்கள்

சீசனில் மேட்டுப்பாளையம் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பரவாயில்லை, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஓடும் ரயில்கள் இருக்கின்றன. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். டீசல் இன்ஜின்தான், நீராவிப் புகை இருக்காது. ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாக இறங்கும் காய்கறித் தோட்டங்களைப் பார்க்க இதுவே போதும். திரும்பும்போது பஸ் பிடித்தால் அலைச்சல் குறைவு.

அப்புறம் வர்க்கி, ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட். பாக்கெட்டில் அடைத்து வைத்ததை விடுங்கள். பேக்கரியில் அன்று சுட்டதா என்று கேட்டு, எடை போட்டு வாங்குங்கள். லேசாக அழுத்தினாலே அடுக்கடுக்காக உதிர வேண்டும். சூடான டீயில் நனைத்துச் சாப்பிடுவதுதான் இங்கே முறை. (சாக்லேட் எல்லாம் அதற்கப்புறம்தான், என்னைக் கேட்டால்.)

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு வந்துவிடுங்கள்.