குட்டி நிலாவை வைத்து ஒரு சிறுகோளின் நிறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

போனில் இருக்கிற கால்குலேட்டரே போதும், சயின்டிஃபிக் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொள்ளப்போவது 107 கமில்லா. சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், சூரியனிலிருந்து சராசரியாக 3.49 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்) தள்ளி, ஆறரை வருஷத்துக்கு ஒரு சுற்று போகிற பெரிய கருப்புக் கல். 1868-இல் மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்தது. அதற்கு ஒரு நிலா இருப்பது 2001-இல்தான் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் தெரிந்தது. (2016-இல் இன்னொன்றும் மாட்டியது; அது இன்னும் சின்னது, இன்னும் நெருக்கத்தில் சுற்றுகிறது. இந்தக் கணக்குக்கு அது வேண்டாம்.)

படி 1: குறுக்களவு

கமில்லாவின் தனிப் பிரகாச எண் (சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் ஒரு வானியல் அலகு தள்ளி வைத்தால் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதற்கான எண்) சுமார் 7.1. அதை 5-ஆல் வகுத்து, மைனஸ் குறி போட்டு, 10-இன் அடுக்காக ஏற்றுங்கள். வந்ததை 1329-ஆல் பெருக்கி, ஒளியைத் திருப்பி அனுப்பும் விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் குறுக்களவு கிலோமீட்டரில் வரும். கமில்லா கரித்துண்டு மாதிரி, மேலே விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் விகிதம் 0.05, விடை 226 கிமீ. அதே கல்லை வெளிர் நிறம் என்று நினைத்து 0.2 போட்டிருந்தால் 113 கிமீதான் வந்திருக்கும், சரிபாதி! வெறும் பிரகாசத்தை வைத்து அளவு சொல்வதில் இருக்கிற ஆபத்து இதுதான். படங்கள், கல் சுழலும்போது வெளிச்சம் கூடிக் குறைவதன் பதிவுகள், அது நட்சத்திரங்களை மறைத்த நேரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வடிவத்தைக் கட்டிப் பார்த்த பிறகு வந்த மதிப்பு சுமார் 254 கிமீ. நாம் இதையே வைத்துக்கொள்வோம்.

படி 2: நிலா எவ்வளவு தூரத்தில்?

படத்தில் தெரிவது கோண இடைவெளி மட்டும்தான். கமில்லா நமக்கு 2.5 வானியல் அலகு தொலைவில் இருக்கும்போது, அதாவது 37.4 கோடி கிமீ, நிலா அதிகபட்சமாக 0.69 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) விலகித் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைவைக் கோணத்தால் பெருக்கி 206265-ஆல் (ஒரு ரேடியனில் இத்தனை ஆர்க்செகண்ட்) வகுங்கள்: சுமார் 1250 கிமீ. காற்றின் அலைச்சலே ஒரு ஆர்க்செகண்ட் வரைக்கும் படத்தைக் கலைத்துவிடும். அதோடு நிலாவின் குறுக்களவு வெறும் 12 கிமீ அளவுதான், தாய்க்கல்லில் இருபதில் ஒரு பங்கு, ஆகவே வெளிச்சம் நானூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஹபிளோ, காற்றின் கலக்கத்தை உடனுக்குடன் சரிசெய்யும் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கியோ இல்லாமல் இதைப் பிரித்துப் பார்ப்பது நடக்காத காரியம்.

படி 3: ஒரு சுற்றுக்கு எத்தனை நாள்?

இங்கேதான் நிதானம் வேண்டும். நிலா சுற்றிவர 3.71 நாள் ஆகிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் மட்டும் எடுத்து அடுக்கினால், அது 3.71 நாளில் இந்தப் பக்கம் சுற்றுகிறதா, இல்லை 1.37 நாளில் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது, இரண்டுக்கும் புள்ளிகள் அதே இடங்களில்தான் விழும். தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் நிறை ஏழு மடங்குக்கு மேல் எகிறிவிடும். ஒரே இரவில் சில மணி நேர இடைவெளியில் இரண்டு படம் இருந்தால் குழப்பம் தீர்ந்தது. அப்புறம், சுற்றுப்பாதை நமக்குச் சாய்வாகத் தெரிவதால் வட்டம்கூட நீள்வட்டமாகத்தான் படத்தில் விழும். ஒற்றைப் படத்து இடைவெளியை அப்படியே தூரம் என்று எடுத்துவிடாதீர்கள்.

படி 4: நிறை

நியூட்டன் வழியில் வந்த கெப்ளரின் மூன்றாம் விதி:

நிறை = 39.48 × தூரம்³ ÷ (ஈர்ப்பு மாறிலி × காலம்²)

39.48 என்பது 4π². எல்லாவற்றையும் மீட்டருக்கும் வினாடிக்கும் மாற்றிவிடுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

தூரம்: 12,50,000 மீட்டர்
காலம்: 3.71 × 86,400 = 3,20,544 வினாடி
ஈர்ப்பு மாறிலி: 6.674 × 10⁻¹¹

விடை 1.12 × 10¹⁹ கிலோ. நிலாவின் நிறையும் இதில் சேர்ந்துதான் வருகிறது, ஆனால் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், விட்டுவிடலாம்.

படி 5: அடர்த்தி

254 கிமீ குறுக்களவுள்ள கோளத்தின் கனஅளவு 8.58 × 10¹⁵ கனமீட்டர். நிறையை அதனால் வகுத்தால் கனமீட்டருக்கு சுமார் 1,300 கிலோ, தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பூமியில் விழுந்த கரிமச்சத்துள்ள விண்கற்கள் சிலவற்றுக்கே 2,200 அளவு வரும். அப்படியென்றால் கமில்லா கெட்டியான ஒரே பாறையாக இருக்க வாய்ப்பில்லை. உள்ளே வெற்றிடம் நிறைய இருக்க வேண்டும், அல்லது பனிக்கட்டி கலந்திருக்க வேண்டும், அல்லது இரண்டுமே. இந்த எண்ணை மட்டும் வைத்து எது என்று சொல்லிவிட முடியாது.

நிறையை நம்புகிற அளவுக்கு அடர்த்தியை நம்பாதீர்கள். பழைய அகச்சிவப்பு அளவீட்டில் கமில்லாவின் குறுக்களவு சுமார் 223 கிமீ. அதைப் போட்டால் அடர்த்தி 1,900-ஐத் தாண்டிவிடுகிறது. குறுக்களவு மும்மடியாக ஏறுவதால், அதில் வருகிற சின்னப் பிழைகூட இங்கே பூதாகாரமாகிவிடும்.

கை பழக இன்னொன்று: 87 சில்வியா, இதுவும் போக்சன் 1866-இல் மெட்ராஸில் கண்டுபிடித்ததுதான். அதன் வெளி நிலா ரோமுலஸ் சுமார் 1,357 கிமீ தூரத்தில் 3.65 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. நிறை 1.5 × 10¹⁹ கிலோவை ஒட்டி வரவில்லை என்றால், நாளை வினாடியாக மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள்.