இலக்கியக் கட்டுரை: மாணவர்கள் சறுக்கும் இடங்களும் நாம் சறுக்க வைக்கும் இடங்களும்

மாணவர்களுக்கு ஆய்வு நோக்கில் இலக்கியக் கட்டுரை எழுத வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். சரி, நாம் என்ன சொல்லிக்கொடுத்தோம்? முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பலகையில் மூன்று கட்டம் போட்டுவிட்டு எழுதச் சொல்கிறோம். கட்டத்துக்குள் என்ன எழுதுவது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாதது.

என் பார்வையில் பெரிய தவறு, தலைப்பைக் கொடுத்துவிட்டு கேள்வியைக் கொடுக்காமல் விடுவது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்குவது. இதற்கு ‘நயம் பாராட்டுக’ என்று சொன்னால் எதுகை நயம், மோனை நயம், உவமை நயம் என்று துணைத்தலைப்பு போட்டு ஒரு பட்டியல் வந்துவிடும். அதே பட்டியலை வேறு எந்தப் பாட்டுக்கும் அப்படியே ஒட்டலாம். அதை விட்டுவிட்டு, ‘உன் தாயும் என் தாயும் யார், நம் தந்தையர் எந்த முறையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று தலைவன் மூன்று கேள்வி கேட்கிறானே, ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் ஏன் செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமைக்குப் போகிறான்?’ என்று கேட்டுப் பாருங்கள். இப்போது பாட்டுக்குள் திரும்பிப் போய்த் தேடாமல் எழுத முடியாது.

அடுத்தது, திட்டமிடுவது என்றால் துணைத்தலைப்பு எழுதுவது என்று நினைக்க விடுவது. திட்டத்தில் முதலில் இருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இன்னொருவர் மறுக்கக்கூடிய வாக்கியம். ‘இந்தப் பாட்டு காதலைச் சொல்கிறது’ என்றால் யார் மறுப்பார்கள்? ‘முன் உறவு எதுவும் இல்லாததையே இந்தத் தலைவன் தங்கள் அன்புக்குப் பெருமையாக்குகிறான்’ என்றால் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது: வானத்து நீருக்கும் செம்மண்ணுக்கும் முன்பு எந்தத் தொடர்பும் இல்லை, விழுந்த பிறகு பிரித்தெடுக்க வழியில்லை. உடனே ஒரு மாணவி ‘தேங்கி நின்றால் மண் அடியில் படிந்து நீர் தெளிந்துவிடுமே’ என்று கேட்கலாம். கேட்டால் கொண்டாடுங்கள், அந்த மறுப்பையும் திட்டத்தில் எழுத வையுங்கள். நல்ல பத்தி ஒன்று அங்கேதான் பிறக்கும்.

அப்புறம் பொழிப்புரை, அதாவது பாட்டின் பொருளை அப்படியே உரைநடையில் திருப்பிச் சொல்வது. பிள்ளைகள் இதில் போய் ஒதுங்குவது சோம்பலால் அல்ல, தப்பாகாது என்ற நம்பிக்கையால். படிப்பவர் கையில் பாட்டு இருக்கிறது, அர்த்தமும் அவருக்குத் தெரியும், அவருக்குப் புதிதாக நீ என்ன காட்டப்போகிறாய் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள், கதை மாதிரி ஓடினால் கதைதான் எழுதியிருக்கிறார்கள், வாதம் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று நகர்ந்தால் கட்டுரை வந்துவிட்டது.

மேற்கோளைப் போட்டுவிட்டு ‘என்று கவிஞர் மிக அழகாகக் கூறுகிறார்’ என்று முடிப்பதையும் அனுமதிக்காதீர்கள். எங்கே ஆய்வு தொடங்க வேண்டுமோ அங்கே இந்த வாக்கியம் கதவைச் சாத்திவிடுகிறது. மேற்கோளில் ஒரு சொல்லைப் பிடிக்கச் சொல்லுங்கள். ‘அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்பதில் ‘கலந்தன’ இறந்தகாலம். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சும் நேரத்தில் அவன் சொன்னது என்று பாட்டின் துறைக்குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பாட்டோடு தரப்படும் குறிப்பு, சொல்கிறது. அவளுடைய பயம் இனி நடக்கப்போவதைப் பற்றியது, அவனோ பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யாமல், ஏற்கெனவே நடந்து முடிந்ததைக் காட்டுகிறான். கடைசி ஏகாரம் அதை இன்னும் உறுதியாக்குகிறது. ஒரு வினைச்சொல்லின் காலத்திலிருந்து இவ்வளவு எடுக்கலாம் என்று ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவர் அடுத்த பாட்டில் தானே தேடுவார்.

முன்னுரையை முதலில் எழுத வைக்காதீர்கள், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாதபோது வெறும் புகழுரைதான் வரும். மாதிரிக் கட்டுரையை முழுசாகக் கையில் கொடுப்பதும் வேண்டாம், மனப்பாடம் ஆகிவிடும். அதற்குப் பதிலாக மாணவர்கள் முன்னாலேயே ஒரு பத்தி எழுதுங்கள், அடித்துத் திருத்துங்கள், ‘இந்த வரி சரியில்லை, ஏனென்றால்...’ என்று வாய்விட்டு யோசியுங்கள்.

கடைசியாகத் திருத்துவது. முதல் வரைவிலேயே ஒற்றுப்பிழையெல்லாம் சிவப்பில் வட்டமிட்டால், அடுத்த முறை பிழையில்லாத பொழிப்புரை வந்து சேரும். முதல் வரைவில் வாதத்தையும் சான்றையும் மட்டும் பாருங்கள், ஓரத்தில் ‘இதை எந்தச் சொல் காட்டுகிறது?’ என்று ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுங்கள். ஒற்றுப்பிழையை இரண்டாவது வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.