நாவலாசிரியர் பேசுறதக் கேக்கப் போறீங்களா? இப்படிக் கேளுங்க

ஜனவரில சென்னை புக் ஃபேர் நடக்கும்போது சாயங்காலம் மேடைல எழுத்தாளர்கள் பேசுவாங்க, அது போக வருஷம் பூரா ஊர் ஊரா இலக்கியக் கூட்டம் நடக்குது. நாவல் எழுதணும்னு ஆசை இருக்கறவங்க கண்டிப்பா போகணும், ஆனா சும்மா உக்காந்து கைதட்டி செல்ஃபி எடுத்துட்டு வந்தா ஒண்ணும் ஒட்டாது.

போறதுக்கு முன்னாடி, பேசப் போற நாவலாசிரியரோட ஒரு நாவலயாவது முழுசா படிச்சுடுங்க. படிக்கறப்பவே "இத எப்படிடா பண்ணாரு"ன்னு தோணுற இடத்துல பென்சில்ல கோடு போட்டு வைங்க, உங்க கேள்வி அங்கதான் இருக்கு. "உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யாரு சார்"னு கேட்டா எல்லா மேடைலயும் சொல்ற பதில்தான் வரும். அதுக்கு பதிலா "இந்த அத்தியாயத்த அம்மா பக்கமிருந்து சொல்லாம மகன் பக்கமிருந்து ஏன் சொன்னீங்க, முதல் டிராஃப்ட்லயே அப்படித்தானா"ன்னு கேட்டுப் பாருங்க. கொஞ்சம் யோசிப்பாரு, அப்புறம் கிழிச்சுப் போட்ட பக்கங்கள பத்திப் பேச ஆரம்பிப்பாரு. நமக்கு வேண்டியது அதுதான்.

நோட்ல பொன்மொழி எழுதாதீங்க. எந்த நேரத்துல எழுதுறாரு, கையாலயா டைப்பா, எங்க மாட்டிக்கிட்டாரு, யார்கிட்ட முதல்ல படிக்கக் குடுப்பாரு, இத குறிச்சுக்குங்க.

ஒருத்தர் வழிய அப்படியே காப்பி அடிக்கவும் வேணாம். ஜெயமோகன் மகாபாரதத்த நாவல் வரிசையா திரும்பச் சொல்ற வெண்முரச 2014ல ஆரம்பிச்சு தினம் ஒரு அத்தியாயம்னு இணையத்துல போட்டு 2020ல 26 நாவலா முடிச்சாரு. பூமணி அஞ்ஞாடி நாவலுக்கு 19ஆம் நூற்றாண்டு கடைசில நடந்த கழுகுமலை, சிவகாசி கலவரங்கள பத்தி பல வருஷம் தரவு சேத்து எழுதினாரு, அதுக்கு 2014ல சாகித்ய அகாடமி கெடச்சுது. ரெண்டுமே பெரிய உழைப்புதான், ஆனா வேலை செய்யற விதம் வேற வேற. நீங்க எழுதப் போறது வரலாறு சம்பந்தப்பட்டதுன்னா "தேடுறத எப்ப நிறுத்திட்டு எழுத உக்காந்தீங்க"ன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்விக்காகவே டிக்கெட் போட்டு மதுரைக்கோ கோவைக்கோ போகலாம்.

வீட்டுக்கு வந்ததும், முடிஞ்சா அன்னிக்கு ராத்திரியே, அவர் சொன்னதுல ஒண்ண எடுத்து உங்க பாதிக் கதைல செஞ்சு பாருங்க, ஒரு வாரம் பாத்துட்டு சரிப்படலன்னா விட்டுடுங்க. நேர்ல போக முடியாதவங்களுக்கு ஸ்ருதி டிவி யூடியூப்ல நிறைய கூட்டம் கெடக்கு, ஆனா கடைசில வர்ற கேள்வி பதில ஸ்கிப் பண்ணிடாதீங்க.