கோத்தகிரி வீட்டு விரிசலும் பீம் தேர்வும்

கோத்தகிரியில் ஒரு மாடி வீடு. 5 மீட்டர் பீமின் மேல் நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச் சுவர். அதன் அடியில், தரையை ஒட்டிப் படுக்கை விரிசல். மலைச் சரிவு என்பதால் முதலில் எல்லோரும் அஸ்திவாரத்தையே சந்தேகித்தோம். வெளிச்சுவரில் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டுகள் ஒரு மழைக்காலம் முழுக்க உடையவே இல்லை, அதாவது அஸ்திவாரம் அசையவில்லை. சிமெண்ட் பால் ஊற்றியும் விரிசல் திரும்பி வந்தது.

கவனிக்க வேண்டியது விரிசலின் வடிவம்: நடுவில் ஹேக்சா பிளேடு நுழைந்தது, ஓரங்களில் ஒன்றுமில்லை. சுவர் வளைவுபோல் தன்னைத் தாங்கி நிற்க, பீம் மட்டும் கீழே இறங்கியிருந்தது. அடியில் நூல் கட்டிப் பார்த்ததும் தொய்வு தெரிந்துவிட்டது.

பீம் ஐ.எஸ்.எம்.பி 200, அதாவது 200 மி.மீ. உயரமுள்ள 'ஐ' வடிவ எஃகு பீம். பாரம் மீட்டருக்கு 12 கிலோநியூட்டன். பாதுகாப்புக்காக அதை 1.5-ஆல் பெருக்கினால் வளைவுத் திருப்புமை (பீமை வளைக்கும் விளைவின் அளவு) 56 கிலோநியூட்டன் மீட்டர். பீம் 57 தாங்கும். வலிமையில் பாஸ். தொய்வோ 22 மி.மீ. செங்கல் சுவர் இருந்தால் நீளத்தில் 360-ல் ஒரு பங்கு, அதாவது 14 மி.மீ.க்கு மேல் கூடாது. 225 போட்டால் 14.2, மயிரிழையில் தவறுகிறது. 250-க்கு 9.5தான்; 200-ஐவிட எடை மீட்டருக்கு 12 கிலோ கூடுதல், விறைப்பு 2.3 மடங்கு.

சுவருக்கும் தரைக்கும் ஜாக்கி முட்டு கொடுத்து, பாரத்தை முழுதும் இறக்கிய பிறகே பீமை 250-ஆக மாற்றினோம். கருங்கல் சுவரில் இரு முனையிலும் 200 மி.மீ. அமர்வு, அடியில் 12 மி.மீ. தகடு. ஜாக்கி முட்டுகளை மெல்லத் தளர்த்தி, பீம் அமர்ந்த பிறகுதான் விரிசலைப் பூசினோம். அப்பாடா, அடுத்த மழைக்கும் பூச்சு அப்படியே இருக்கிறது.