கிட்டார் பெடல் நீடித்து உழைக்குமா? வாங்கும் முன் சோதிக்கும் முறை

கிட்டாரின் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல் பழுதானால் உள்ளே இருக்கும் ஐசி எனும் சிப்பைச் சந்தேகிப்பது வழக்கம். ஆனால் முதலில் தேய்வது கையும் காலும் படும் இடங்கள்தான்: ஜாக் (கேபிள் செருகும் துளை), ஃபுட்ஸ்விட்ச் (காலால் மிதிக்கும் ஸ்விட்ச்), நாப் (திருப்பும் குமிழ்), அடாப்டர் செருகும் துளை. பெட்டி கனமாக இருப்பதால் மட்டும் பெடல் உறுதியானது என்று முடிவு செய்ய வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், இரண்டு கேபிள், ஸ்க்ரூடிரைவர், சிறு மரக்குச்சி போதும். இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: ஜாக்
ஜாக்கைப் பெட்டியோடு சேர்த்து வெளியே நட்டு போட்டு முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் கேபிள் இழுபடும்போது அந்த விசையைப் பெட்டி தாங்கும். நட்டு இல்லாமல் சர்க்யூட் போர்டில் மட்டும் நின்றால், ஒவ்வொரு இழுப்பும் அதைப் போர்டோடு பற்றவைத்த சால்டரில்தான் இறங்கும். நாளடைவில் அது விரிசல் விடும். ஆம்ப் சத்தத்தைக் குறைத்துவைத்து, செருகிய பிளக்கை மெதுவாக அசையுங்கள். கரகரத்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் பெட்டியைத் திறந்து ஜாக்கை உள்ளே பிடித்துக்கொண்டே முறுக்குங்கள்; இல்லையென்றால் ஜாக்கும் சேர்ந்து சுழன்று கம்பி அறுந்துவிடும்.

படி 2: மின்சாரம்
புதியவர்கள் பெடலைக் கொல்வது பெரும்பாலும் இங்கேதான். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ் (அடாப்டர் பிளக்கின் உள்முனை நெகட்டிவ், வெளிமுனை பாசிட்டிவ்). அடாப்டரின் மில்லிஆம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் கெடுதல் இல்லை. வோல்ட் கூடக் கூடாது. உள்ளே மேக்ஸ் 1044 போன்ற சார்ஜ் பம்ப் ஐசி (வோல்டேஜை மாற்றித் தரும் சிப்) இருந்தால் 18 வோல்ட் கொடுத்ததும் அது போய்விடும்.

பல பெடல்களில் தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்க ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) உண்டு. அது எரிந்து ஷார்ட் ஆனால், சரியான அடாப்டர் போட்டாலும் பெடல் உயிர் பெறாது. பேட்டரியையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு, டிசி துளையின் இரு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். மீட்டர் முனைகளை மாற்றி வைத்தாலும் ஏறக்குறைய 0 ஓம் காட்டினால் அந்த டயோடைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல நேரங்களில் அதை மாற்றினாலே பெடல் பிழைத்துக்கொள்ளும்.

படி 3: ஃபுட்ஸ்விட்ச்
சொடுக்கென்று நின்று மாறும் ட்ரூ பைபாஸ் ஸ்விட்ச் (பெடலை அணைத்தால் சிக்னலை நேராக வெளியே விடுவது) என்றால் மின்சாரமே இல்லாமல் சோதிக்கலாம். இரண்டு ஜாக்கிலும் கேபிள் செருகி, மறுமுனைகளின் நுனிகளுக்கு இடையே ஓம் அளவிடுங்கள். பைபாஸ் நிலையில் 1 ஓம் அளவில் இருக்க வேண்டும். இருபது முறை மிதியுங்கள். அளவு தாவித் தாவி மாறினால் உள் தொடர்புகள் தேய்ந்துவிட்டன. ஸ்விட்சையே மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது ஒரு காலில் சால்டர் அயர்னை நெடுநேரம் வைத்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகிப் புது ஸ்விட்சும் கெடும். பாஸ் நிறுவனத்தின் சிறிய பெடல்கள் போன்ற பஃபர் வகைக்கு (அணைத்திருக்கும்போதும் சிக்னலை ஒரு சர்க்யூட் வழியே விடுபவை) இந்தச் சோதனை பொருந்தாது. மின்சாரம் இல்லாமல் அவற்றில் சிக்னல் போகாது.

படி 4: நாப்
திருப்பும்போது கரகரத்தால் நாப்புக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் சிறிதளவு கான்டாக்ட் கிளீனர் விட்டு, முழுதாகப் பலமுறை திருப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பழைய கப்பாசிட்டர் வழியே டிசி கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சில ஃபஸ் பெடல்களில் (ஒலியைக் கடுமையாகச் சிதைக்கும் வகை) மட்டும் வடிவமைப்பிலேயே நாப்பில் டிசி இருக்கும்; அங்கே கரகரப்பு பழுதல்ல.

படி 5: உள்ளே
பேட்டரி முனையில் வெள்ளை, பச்சைப் படிவு இருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, ஜாக் கால்களைச் சுற்றி சால்டரில் வளையம் போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் ஓடும்போது மரக்குச்சியால் மெல்லத் தட்டினால் சத்தம் விட்டு விட்டு வரும் இடம் தெரிந்துவிடும். அங்கே பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழையதன் மேலேயே பூசினால் விரிசல் மீண்டும் வரலாம்.